ஜம்புவின் குரலுக்கு நடந்த குதிரை

சென்னையில் கிண்டி ரேஸ் லாயத்தில் வளர்ந்து, தில்லிக் குதிரையேற்ற கிளப் ஒன்றில் குதிரைக்காரனாக வந்து சேர்ந்தவன் ஜம்பு. பதினோரு வருஷம் லத்தி அள்ளியும் டெம்பரரிதான். பர்மனென்ட் ஆனால் கிளப்புக்குள்ளேயே குவார்ட்டர்ஸ் உண்டு. முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்த அவன் மனைவி ஆராயி தினமும் அதைத்தான் கேட்பாள்: "இன்னாய்யா, எதுனா சொன்னாங்களா?"

கிளப்பில் ஒரு சட்டம். குதிரைக்காரர்கள் சேணத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மெம்பர்களின் பிருஷ்டத்துக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. அதனால் ஷப்னம் என்ற பெண்குதிரையை ஜம்பு நீளக் கயிற்றில் கட்டி, தரையில் நின்றபடி, வாயாலேயே பழக்கினான். "நட" என்றால் நடக்கும். நாக்கைச் சொடுக்கினால் தாளம் தப்பாமல் ஓடும். "ஓய்" என்றால் நான்கு காலையும் ஒழுங்காக வைத்து நிற்கும். ஒரு நாளும் அதை அவன் அடித்ததில்லை.

அதன் மேல் ஏறிச் சவாரி செய்தவள் லீலாவதி, பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி. கடிவாளத்தைக் கிணற்றுக் கயிறு மாதிரி இழுப்பாள்.

"வாயப் புட்ச்சி இழுக்காதீங்கம்மா. நிமுந்து உக்காந்து மூச்ச வுடுங்க, அதுவே நிக்கும். திருப்பறதுக்கு முன்னாடி உள்பக்கத்துக் காலால ஒரு அழுத்து. கடிவாளம் அப்பறந்தான்."

"எனக்கு புக் இருக்கு ஜம்பு. நீ போய்ச் சேணப் பட்டையை இறுக்கு."

தினமும் காலையில் அவன் மைதானத்து நடுவில் நின்று குரல் கொடுத்தான். அவள் மேலே உட்கார்ந்து, தான்தான் ஓட்டுகிறோம் என்று நம்பினாள். பிப்ரவரியில் டிரெஸ்ஸாஜ் என்று, குதிரையை அழகாக நடத்தியும் நிறுத்தியும் காட்டுகிற போட்டி. அதில் ஜெயித்தால் அவனை பர்மனென்ட் ஆக்கச் சொல்வதாக வாக்கும் கொடுத்தாள்.

அந்தப் போட்டியில் குதிரையோடு பேசக் கூடாது. வெளியிலிருந்தும் யாரும் குரல் கொடுக்கக் கூடாது. அவளுடைய புக்கில் அது இருந்தது. படிக்கத் தெரியாத ஜம்புவிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

போட்டியன்று ஷப்னம் நடுவர்களுக்கு எதிரே போய் நின்றது. நின்றதுதான்; "நட" என்று சொல்ல மைதானத்து நடுவில் ஜம்பு இல்லை. லீலாவதி உதைத்தாள், இழுத்தாள். அதன் வாய் நுரையில் சிவப்பு தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்ற ஜம்பு அதைப் பார்த்தான். நாக்கைச் சொடுக்கிவிட்டான்.

ஷப்னம் அன்று ஓடிய ஓட்டத்தை அந்த மைதானம் பார்த்திருக்காது. ஜனங்கள் கைதட்டினார்கள். நடுவர் மணியடித்தார். லீலாவதி போட்டியிலிருந்து நீக்கப்பட்டாள்.

மறுநாள் கிளப் செக்ரட்டரி கூப்பிட்டார். உன் குரலுக்கு மட்டும் ஓடுகிற குதிரை மேடத்துக்கு எதற்கு, அந்தப் பழக்கத்தை நீயே ஒழி, ஒழித்தால் பர்மனென்ட், இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று இந்தியில் சொன்னார். ஜம்பு ஆராயியின் இருமலை நினைத்தான். "அச்சா சாப்" என்றான்.

வழி எளிது. நாக்கைச் சொடுக்க வேண்டும். ஷப்னம் காலை எடுத்தால் சாட்டையால் அடிக்க வேண்டும். முதல் அடிக்கு அது திரும்பி அவனைப் பார்த்தது. தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்ததோ என்னவோ, இன்னும் அழகாக ஓடிக் காட்டியது. பாவி, அதற்கும் அடித்தான்.

இருபத்தாறாம் நாள் அவன் சொடுக்கியபோது அது காதைக்கூட அசைக்கவில்லை. செக்ரட்டரி முதுகில் தட்டிக் கொடுத்தார். கடிதம் வந்தது, குவார்ட்டர்ஸ் சாவியும் வந்தது.

குடிவந்த அன்று ஆராயிக்கு லாயத்தைப் பார்க்க ஆசை. "ஒன் கொரலக் கேட்டா ஓடியாரும்னியே, எங்க, கூப்புடு பாப்போம்."

ஜம்பு அவளை லாயத்து வாசலிலேயே நிறுத்தினான்.

"அது தூங்குது" என்றான்.

ஷப்னம் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.