தர்மத்துக்கு நேர்ந்துவிட்ட கார்

பெங்களூரில் டிரஸ்ட் நடத்தும் மேனேஜர் ஐயா, நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். வாய் தவறி வந்த பொய் இல்லை. தெரிந்தே சொன்னீர்கள். உங்கள் பெயரையும் டிரஸ்ட் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். ஆனால் படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், யாரைச் சொல்கிறேன் என்று.

மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். போன வருஷம் ஆயுத பூஜை சமயம். கோலார் தங்கவயலில், கோரமண்டல் பகுதியில், எங்கள் லைனில் நடந்தது. மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், ஓடிய காலத்தில் கட்டிய வரிசை வீடுகளைத்தான் லைன் என்போம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்மல் கேட்கும். இங்கே ரகசியம் என்று எதுவும் கிடையாது, நான் உடைந்த காரைத் தர்மம் கொடுக்கப் போன கதை உட்பட.

நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினம் ரயிலில் போய் ரயிலில் வருகிறேன். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அந்த வருஷம் மழையில், சாம்பியன் ரீப்ஸ் ரோட்டோரம் நிறுத்தியிருந்தபோது அதன் மேல் மரம் விழுந்தது. கூரை உள்ளே போய்விட்டது, முன்கண்ணாடி தூள், ரேடியேட்டர் ஓட்டை. என் வீட்டுக்காரர் எதிராளிக்கு மட்டும் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் போட்டிருந்தார். "நம்ம கார் மேல யார் இடிக்கப் போறாங்க?" என்பது அவருடைய வாதம். மரம் அந்த வாதத்தைக் கேட்டிருக்காது போல. மெக்கானிக் பார்த்துவிட்டு, ரிப்பேர் செலவுக்கு வேறு பழைய காரே வாங்கலாம் என்று கையை விரித்தார். இழுத்து வந்து லைன் முனையில், பொதுக் குழாய்க்குப் பக்கத்தில் போட்டோம்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற கோலார் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். கார் நன்றாக இருந்தபோது சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுவார். மரம் விழுந்த பிறகு இரண்டு நாளும் பஸ்தான். ராபர்ட்சன்பேட்டை வரை ஆட்டோ, அங்கிருந்து கோலார் பஸ். திரும்பி வரும்போது அவளுக்குத் தலை நிற்காது. சீட் கிடைக்காவிட்டால் அவள் கணவர் பின்னால் நின்று, தன் மார்பை அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே ஊர் வந்து சேர்வார். அவரை நான் மாமா என்பேன். கனரகத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச மாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள்.

"இப்பதான் புது ரத்தத்தோட வந்துகீறேன். யார் கூட சண்ட போடணும், சொல்லு" என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்டோவில் இருந்து இறங்குவாள்.

ஒருநாள் ரயிலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளம்பரம் வந்தது. பழுதான காரை எங்களுக்குக் கொடுங்கள், ஏழைக் குழந்தைகள் படிப்பார்கள், உங்களுக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும் என்றது. ஏழைக் குழந்தைகளுக்காகத்தான் போன் செய்தேன் என்று நான் கதை விட மாட்டேன். வரிக்காகத்தான் செய்தேன். மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதைப் பார்த்து வயிறு எரிகிறவள் நான்.

மேனேஜர் தேன் மாதிரிப் பேசினார். எந்த நிலைமையில் இருந்தாலும் பரவாயில்லையாம். வண்டி அனுப்பித் தூக்கிக்கொள்வார்களாம். சாவியும் கையெழுத்தும் கொடுத்தால் போதுமாம். வரிச் சலுகை நிச்சயம் உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன். "ஹண்ட்ரட் பர்சென்ட் மேடம்" என்றார். ஆயுத பூஜை, விஜயதசமி முடிந்த மறுநாள் ஆள் அனுப்புவதாகப் பேச்சு.

அன்று சாயங்காலமே குழாயடியில் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அக்கா குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மே, உடைஞ்சதையா தர்மம் குடுப்ப? கோயிலுக்குப் போறப்ப அழுகின தேங்கா எடுத்துகினு போவியா நீ?"

"அவங்களே எப்படி இருந்தாலும் போதும்னு சொல்றாங்க அக்கா."

"வாங்கறவன் ஆயிரம் சொல்லுவான். குடுக்கறவளுக்கு வெக்கம் வேணாமா? படிக்கிற பசங்களுக்குப் போற பொருள் மா அது."

எனக்குச் சுருக்கென்றது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் லைனில் எதுவும் அத்தோடு முடியாது.

ஆயுத பூஜைக்கு இங்கே இரும்பு என்று இருக்கிற எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். ஸ்பானர், தையல் மிஷின், கிரைண்டர், சைக்கிள், எதையும் விட மாட்டோம். ஆனால் உடைந்த இரும்புக்குப் பொட்டு வைப்பதில்லை. ஒன்று அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட வேண்டும். மைன்ஸ் ஓடிய காலத்தில் இருந்தே எங்கள் லைனில் அதுதான் வழக்கம். லைன் முனையில் ஒரு கார் உடைந்து கிடக்க, அதுவும் தர்மத்துக்குப் போகிற கார், அதற்குப் பொட்டு வைக்காமல் எப்படிப் பூஜை செய்வது என்று பேச்சு கிளம்பிவிட்டது. நான் ரயிலில் இருந்த நேரத்தில், பூஜைக்குள் காரைச் சரிசெய்துவிடுவது என்று லைனே கூடி முடிவெடுத்துவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கார் கதவு வழியாக இரண்டு ஜோடிக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மாமா. இன்னொன்று எதிர்வீட்டு அண்ணன். மைன்ஸில் டிம்பர்மேனாக இருந்தவர். சுரங்கத்தில் பாறை சரியாமல் இருக்க மரத்தூண் நிறுத்துகிற வேலை. என் காருக்குள்ளும் அதையே செய்துவைத்திருந்தார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, தரையில் பலகை போட்டு, கூரைக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?" என்று கத்தினேன்.

உள்ளே இருந்தபடியே பதில் வந்தது: "தலைய உள்ள விடாதம்மா. ரூப் இன்னும் செட் ஆவல. மேல இடிஞ்சிதுன்னா ஷிப்ட் பாஸுக்கு யாரு பதில் சொல்றது?"

மூடிப்போன மைன்ஸின் மேஸ்திரிக்கு இன்னும் பயப்படுகிறாரே என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரசீது ஒன்றுதான் என் கவலை. தூக்கிப் போகிற காருக்கு எதற்கு இத்தனை வேலை? தினம் திட்டினேன். தினம் வேலை நடந்தது. ஆப்பை ஒவ்வொரு அடியாக இறுக்க இறுக்க, கூரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அது நின்றதும் கட்டைகளை எடுத்துவிட்டு சீட்டுகளைத் திரும்ப மாட்டினார்கள். மாமா ரேடியேட்டர் ஓட்டையை அடைத்தார், கதவுக் கீலை வெல்டு வைத்தார். முன்கண்ணாடி எந்தப் பழைய வண்டியில் இருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. இடது கதவு நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. யாரும் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. டீ கூட அக்கா வீட்டில் இருந்துதான் போனது. நான்தான் கோபத்தில் இருந்தேனே.

ஆயுத பூஜை அன்று மாமா சாவியைத் திருகினார். இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது, ஓட ஆரம்பித்தது. லைனே கூச்சல் போட்டது. பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பக்கத்தில் இருக்கிற ஊரிகம் வரை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார் மாமா. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, மந்திரி மாதிரி இரண்டு பக்கமும் கையசைத்தாள்.

இறங்கும்போது கதவைத் தடவிக்கொடுத்து, "போற எடத்துல நல்ல பேர் எடு" என்று காரிடம் சொன்னாள். நான் அதைக் கேட்டேன். கேட்டும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். வண்டி தூக்கும் லாரி ஒன்று லைனுக்குள் நுழைந்தது. டிரஸ்ட் ஆள் இறங்கி, மாலையோடு நின்ற காரைப் பார்த்தான்.

"டேமேஜ் கார்னு சொன்னீங்களே மேடம்?"

"டேமேஜாத்தான் இருந்தது. இவங்க விடல."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சாவியை வாங்கினான், ஸ்டார்ட் செய்தான், கண் மின்னியது. லாரியில் ஏற்ற வேண்டாம், ஓட்டியே போய்விடலாம் என்று டிரைவரிடம் கன்னடத்தில் சொன்னான். அதை நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்றும் சொன்னான். எங்கள் ஊரில் கன்னடம் தெரியாதவர்கள் யார்? பாவம், அவனுக்கு அது தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, ரசீதில் மதிப்பு எவ்வளவு போட என்று கேட்டான்.

"நீங்க சொல்ற அமௌண்ட் போட்டுடலாம் மேடம். எவ்ளோ வேணா போடலாம்."

எவ்வளவு வேண்டுமானாலும் என்றதும் எனக்கு எங்கேயோ இடித்தது. எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்குப் போன் போட்டு, என்ன தொகை போட்டால் சரி என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். டிரஸ்டுக்குப் பொருளாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையவே கிடையாதாம். பணமாகக் கொடுத்தால்தானாம். கார் இல்லை, கப்பலே கொடுத்தாலும் அந்த ரசீது வரிக்கு உதவாதாம்.

உடனே மேனேஜருக்குப் போன் போட்டேன். லைன் முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரசீது கேட்டீங்க, தர்றோம் மேடம். சலுகை கிடைக்கும்னு நான் எழுதியா குடுத்தேன்?" என்றார். போன வாரத்துத் தேன் எங்கே போனதோ.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பத்திரிகையில் போட முடியாது. சத்தம் உச்சத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். பின்னால் துணிப்பையோடு மாமா. அன்று அவளுக்குக் கோலார் போகிற நாள். பண்டிகை முடிந்து ஊருக்குத் திரும்புகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அவர்கள் லாரிக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நெளிந்து போனார்கள்.

"நல்லா கேளுமா. நான் வந்து மீதிய கேட்டுக்கறேன். இவ்ளோ நல்ல சண்ட, பாக்க குடுத்து வெக்கல" என்றாள் அக்கா.

கூரையை நிமிர்த்தி, கதவை ஒட்டவைத்து, அந்தக் காரை ஓட வைத்த மனுஷன், அதைத் தாண்டிப் பஸ்ஸுக்கு நடந்து போகிறார். காரை ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிரஸ்ட் ஆளின் கையில் இருந்து சாவியைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

"மாமா, வண்டிய எடுங்க. அக்கா, முன்னால ஏறு."

"அது தர்மத்துக்குப் போறதாச்சேம்மா!"

"போகல. ஏறு."

லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு லாரி திரும்புகிற அகலம் லைனில் கிடையாது. உள்ளே வந்த தூரம் முழுக்கப் பின்னாலேயே போக வேண்டும். எதிர்வீட்டு அண்ணன் லாரிக்குப் பின்னால் நின்று, "ரிவர்ஸ் தகோ, ரிவர்ஸ் தகோ" என்று, ரிவர்ஸ் எடு என்பதைக் கன்னடத்தில் கத்திக் கைகாட்ட, வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று சிரிக்க, லாரி ஊர்ந்து ஊர்ந்து பின்வாங்கியது. டிரஸ்ட் ஆள் ரசீதுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடவே நடந்தான். மாலை போட்ட எங்கள் கார் அதை மெல்லத் துரத்திக்கொண்டே வெளியே வந்தது. பத்து ஆயுத பூஜை சேர்ந்து வந்தாலும் அப்படி ஒரு ஊர்வலம் எங்கள் லைனுக்குக் கிடைக்காது.

நானும் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு கோலார் வரை போனேன். பங்காருப்பேட்டை தாண்டும்போதுதான் கேட்டேன்: "காரை எனக்குக் கொடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா? கிழமைக்கு ரெண்டு நாள் கொடுன்னாவது?"

"தர்மத்துக்குன்னு நீ சொல்லிட்ட. அப்புறம் எப்படிம்மே கேக்கறது? வாய் வெந்துடாது?"

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்தார். "கண்ணாடி மட்டும் ஒழுவும். மழை வந்தா சொல்லு" என்றார்.

இப்போது அந்தக் கார் வாரத்தில் இரண்டு நாள் கோலாருக்குப் போகிறது. சாவி மாமாவிடம்தான் இருக்கிறது. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போகிறாள். திரும்பி வரும்போது சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். அந்த வருஷ வரியை நான் முழுசாகக் கட்டினேன். வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் நீலக் கதவு லைனுக்குள் திரும்புவதைப் பார்க்கும்போது அந்த எரிச்சல் எங்கேயோ போய்விடுகிறது. தர்மம் என்று நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே காரணத்துக்காக, அந்தக் கார் யாருக்கு வேண்டுமோ அவளே வாயை மூடிக்கொண்டு அதைச் சரிசெய்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

மேனேஜர் ஐயா, இனி உங்களுக்கு. உங்கள் விளம்பரம் இன்னும் என் போனில் வருகிறது. அதே குழந்தைகள் படம், அதே வரிச் சலுகை. உங்களுக்குக் கார் கொடுத்தவர்களில் ஒரே ஒருவருக்காவது வரியில் ஒரு ரூபாய் குறைந்ததா? அந்தக் கார்களை விற்ற காசில் எந்தக் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது? என்னிடம் போனில் சொல்ல வேண்டாம், தேனும் வேண்டாம். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.