மொட்டுக்குள் போன உட்கரு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த அந்த வருஷம், மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஊருக்குள்ளேயே காஜா பேராங் பகுதியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் பக்கத்துத் தெரு ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர்.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளிகளின் வேலை முடிந்த பிற்பகல்களில் ஈஸ்ட்டுகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது அவருக்கு ஒரு பித்து. கள்ளு வரவழைப்பார். ரொட்டி ஈஸ்ட்டை அத்தானிடம் வாங்கி நான் கொண்டுபோவேன். சாயம் ஏறியதும் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் உட்கரு ஊதாப் புள்ளியாகத் தெரியும். ரொட்டி ஈஸ்ட்டில் தாயின் ஓரத்தில் ஒரு மொட்டு புடைக்கும். உட்கரு அந்தக் குறுகிய கழுத்தில் வந்து நின்று, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக இழுபட்டுப் பிரியும். கள்ளில் இருந்த ஒரு வகைக்கு மொட்டே இல்லை. உடல் நீளும், உட்கரு நடுவில் இரண்டாகி விலகும், பிறகு குறுக்கே ஒரு சுவர் எழும்பும்.

"வேலை ஒண்டுதான், பிள்ளை. வழிதான் வேற வேற," என்பார் டாக்டர்.

அந்த மாதங்களில்தான் அத்தானுக்குத் தலைவலி தொடங்கியது.

"மாவுத் தூசு லா, வேற ஒண்ணுமில்ல," என்றார். வெளிச்சம் கூசுகிறதென்று பகலிலேயே ஜன்னல்களை மூடச் சொன்னார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். ஒருநாள் காலை தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அக்கா கத்தினாள். அவர் என்ன என்பதுபோல் அவளைப் பார்த்தார். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எல்லோரும் டிபி என்று பயந்தார்கள். டாக்டர் முதுகுத்தண்டு நீரை எடுத்து என்னிடம் அனுப்பினார். நுண்ணோக்கியில் வைத்தால், டிபி கிருமி இல்லை. உருண்டை உருண்டையாக, மொட்டு விட்ட உயிரணுக்கள்.

"டாக்டர், நம்ம ரொட்டி ஈஸ்ட்டு எப்படியோ இதுல கலந்துருச்சு போல," என்றேன்.

"இருக்கும். எல்லாத்தையும் கொதிக்க வச்சுக் கழுவும். திருப்பி எடுப்பம்."

மறுபடி எடுத்த நீரிலும் அவை இருந்தன. டாக்டர் ஒரு சொட்டு கறுப்பு மையைக் கலந்தார். கறுப்புக்குள் ஒவ்வொன்றும் அகலமான வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு மிதந்தது. ரொட்டி ஈஸ்ட்டுக்கு அப்படி வளையம் கிடையாது. மூளையைச் சுற்றிய உறையைத் தாக்கும் வேறொரு ஈஸ்ட்டு என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் அவர் உட்கருவுக்குச் சாயம் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாரும். தாய்க்குள்ள ஒண்டுமே இல்லை. முழுக்க மொட்டுக்குள்ள போயிட்டுது."

பார்த்தேன். பல தாய் உயிரணுக்கள் வெறுமையாக இருந்தன. இன்னும் சிலவற்றில் உட்கரு மொட்டுக்குள்ளேயே பிரியத் தொடங்கி, ஒரு பாதி தாயை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அத்தானின் தலைக்குள் நடக்கிறது.

"மருந்து இருக்கா டாக்டர்?"

"அமெரிக்காவில புதுசா ஒண்டு வந்திருக்காம். சிங்கப்பூரில கேட்டிருக்கிறன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வார்டு வாசலில் அக்கா காத்திருந்தாள். "என்னாடி, டிபியா?"

"டிபி இல்லக்கா."

"அப்பாடா!" என்று அவள் கைகூப்பினாள். அந்தக் கைகளைப் பிடித்து அவளை பெஞ்சில் உட்கார வைத்து, மிச்சத்தையும் சொன்னேன். அவள் அழவில்லை. "ரொட்டில போடுறது எப்படிடி தலைக்குள்ள போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அது வேறு, இது வேறு என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.

தலைக்குள் அழுத்தம் குறைய டாக்டர் அவ்வப்போது நீரை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் மொட்டுகள் கூடியிருந்தன. வெளியே மெர்டேக்கா விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைச் சோதிக்கும் குரல் வார்டுவரை கேட்டது. ஒருநாள் நண்பகலில் அத்தான் கண்ணைத் திறந்து, "கரண்ட் போயிருச்சா?" என்றார். அக்கா, "ஆமாங்க, இப்ப வந்துரும்," என்றாள்.

சிங்கப்பூரிலிருந்து மருந்து வரவில்லை. கொடி ஏறுவதற்கு முன்பே அத்தான் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் ரொட்டிக்கடை முதலாளி அக்காவுக்கு அங்கேயே வேலை கொடுத்தார். மாவு மூட்டை அடுக்கும் அறையின் கூரையில் புறாக்கள் அடைந்திருந்தன. அந்த நோயின் விதை புறா எச்சத்தில் வளரும், தூசோடு மூச்சில் உள்ளே போகும் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அதற்குள் அக்கா அந்த அறையை எத்தனையோ காலைகளில் கூட்டியிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் அவருக்கு மட்டும் என்று எந்த டாக்டராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.