கிள்ளான் சாலையில் எல்லாரையும் முந்திய தைலம்மை

பிரசவ வார்டில் நான் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது, மலேரியாக் காய்ச்சலில் தைலம்மை போய்விட்டாள் என்ற செய்தி வந்தது. மறுநாள் பத்திரிகையில் ஒரே வரி: ‘ரயில்வே குமாஸ்தா வேலுசாமியின் மனைவி காலமானார்.’ அவள் பெயர்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாங்கள் இருவரும் கிள்ளானில் தாதிகள். காப்பார் பக்கத்துக் கம்பங்களுக்கு, அந்த மலாய்க் கிராமங்களுக்கு, பிரசவம் பார்க்கப் போகத்தான் அவள் சைக்கிள் பழகினாள். “பொம்பள சைக்கிள் ஓட்டுறா பாரு லா!” என்று கடைத்தெருவில் மறித்துச் சிரித்தார்கள். “வழிய விடுங்கண்ணே, அங்க ஒருத்தி வலியில துடிக்கிறா” என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நடந்த பந்தயத்தில் அவளைச் சேர்க்கச் சைக்கிள் சங்கம் மறுத்தது. ஆண்கள் கிளம்பிய பிறகு தனியாகக் கிளம்பினாள். எல்லாரையும் முந்தி வந்து சேர்ந்தாள். அந்தச் சாலையில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. கிள்ளானில் கூடி நின்ற எல்லாரும் பார்த்தார்கள். செயலாளர் மட்டும், “வெற்றிப் பலகையில பொம்பளைங்க பேர எழுதுற வழக்கமில்ல” என்றார்.

“அப்ப இன்னொரு தடவ ஓட்டுறேன். நீங்க கார்ல பின்னாடியே வாங்க சார்.”

அடுத்த வாரம் கொட்டும் மழையில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தன் வேகத்தையே முறியடித்தாள். காரை விட்டு இறங்கிய செயலாளர், “மழையில கடிகாரம் நின்னுபோச்சும்மா” என்றார்.

“வேற கடிகாரம் வாங்குங்க சார். நான் காத்திருக்கேன்.”

அவள் காத்திருந்தாள். அவர்கள் வாங்கவில்லை.

போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் இரங்கல் கூட்டம் நடத்தியதும் அதே சங்கம்தான். “நம் சங்கத்தின் சாதனைப் பெண்மணி” என்று செயலாளர் மேடையில் புகழ்ந்தார். நான் எழுந்துவிட்டேன்.

“உயிரோட இருந்தப்ப இந்தப் பேச்சு எங்க போச்சு சார்? வெற்றிப் பலகையில இப்பவே அவ பேர எழுதுங்க.”

“கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்.”

வேலுசாமி அண்ணன் மேடையேறினார். மாலையோடு மனைவியின் படத்தைத் தூக்கிக்கொண்டார். “பேரு இல்லாத இடத்துல படம் எதுக்கு? வா தங்கச்சி, போலாம்” என்றார். இருவரும் வெளியே நடந்தோம்.

அவளோடு சைக்கிளில் போன முதல் நாள், பத்து தீகா என்ற ஊரின் மேட்டில் மூச்சு வாங்கி நான் இறங்கப் பார்த்தேன். திரும்பி வந்து என் பக்கத்திலேயே மிதித்தபடி அவள் சொன்னாள்: “மெதுவாவே வா. ஆனா இறங்காதடி. இறங்கினா அவங்க சொன்னது உண்மையாயிடும்.”

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பேச்சைத்தான். கமிட்டி எப்போது கூடினாலும் வாசலில் நான் நிற்பேன்.