போடில் கொண்டுவந்த கேக்

யாராவது பேச வந்தால் போடில் உடனே உட்கார இடம் தேடுவார். நாற்காலி இல்லையென்றால் கவிழ்த்த வாளி, காலிப் பெட்டி, படிக்கட்டு, எதுவானாலும் சரி. ஆறடிக்கு மேல் வளர்ந்த பெண்மணி. தன்னை யாரும் அண்ணாந்து பார்த்துப் பேசக் கூடாது என்பதில் அப்படியொரு பிடிவாதம். யூட்லாந்தில் இருக்கும் அந்தப் பால் ஆலைக்கு அவர்தான் மேலாளர். தும்மினார் என்றால் கட்டடமே அதிரும். ஆனால் நாலு பேர் முன்னால் அவர் ஒருவரை வைது யாரும் கேட்டதில்லை.

அதெல்லாம் சில்லறைத் தவறுகளுக்குத்தான் என்று நினைத்திருந்தான் ஆலைத் தொழிலாளி தோர்கில். நேற்று பால் தொட்டியைக் கழுவிய அவன், அதன் அடியிலிருக்கும் குழாயை மூட மறந்துபோனான். சுற்றுவட்டாரப் பண்ணைகளின் காலைப் பால் முழுதும் சாக்கடையில் ஓடிவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சொதப்பியவர் மறுநாள் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். அதைத் தின்றுகொண்டே அவரைக் கிண்டலடிப்பார்கள். இந்தக் கூத்துக்கு எந்த முகத்தோடு கேக் வாங்குவது? வேலை போயிற்று என்றே முடிவு கட்டிய தோர்கில், தன் அலமாரியைக் காலி செய்து பையோடு சாப்பாட்டு அறைக்கு வந்தான்.

மேசைமேல் ஒரு கேக் இருந்தது, ஓரமெல்லாம் கருகி. பக்கத்தில் போடில்.

"யாரு சொதப்பினது?" என்றான் கூட வேலை செய்யும் ஹெல்கெ.

"நான்தான். முன்னாடி குழாய்கிட்ட ரெண்டு பேர் நின்னுட்டிருந்தாங்க. ஒரு ஆள் போதும்னு குறைச்சது யாரு, நான்தானே? தலைமை ஆபீஸ்லயும் அப்படியே சொல்லிட்டேன். இன்னிலேருந்து மறுபடி ரெண்டு பேர். ம், கிண்டல் பண்ணுங்க, ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

தோர்கிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"மூட மறந்தது நான்தானே, போடில்?"

"ஆமா, நீங்கதான். அதுக்கு நாளைக்கு உங்க கேக். இதைவிட நல்லா இருக்கணும்."

வெளியே பால் லாரி ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை.

"தோர்கில், பால் இறக்குறது உங்க முறைதானே? ஹெல்கெ, கூடப் போங்க."

நம்ப முடியாமல் பையைக் கீழே வைத்தான் தோர்கில். அறையின் பெரிய சன்னலிலிருந்து பார்த்தால் தொட்டியும் குழாயும் நேர் எதிரே தெரியும். தன்னைக் கண்கொத்திப் பாம்பாய்க் கவனிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே வாசலில் திரும்பினான்.

போடில் தன் நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.