தவிட்டுக்கு விற்ற பிள்ளைக்கு ஒரு நீளமான பெயர்

என் வீட்டுக்காரர் இரத்தினபுரி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். துணியை அளந்து அளந்து வெட்டி, பேச்சையும் அப்படியே அளந்து பேசுகிற மனிதர். சனிக்கிழமை சாயந்திரம் நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால் இரண்டு சொல்லில் ஒரு வாரக் கதையும் முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் எங்கள் கைப்பிள்ளைக்கு என்று ஒரு பெயர் கொண்டுவந்தார். பாட்டு மாதிரி நீண்டுகொண்டே போகிற பெயர். இந்த வாய்க்கு இவ்வளவு நீளம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

எனக்குப் பயம் வேறு. எங்கள் மூத்தவன் முப்பதாம் நாளில் முப்பது கும்பிட்டுப் பெயர் வைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். பெயர் வைக்கக்கூட அவன் நேரம் தரவில்லை. இப்படி ஒன்று போன வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது, சுவரோடு சுவராக ஒற்றை அறை வீடுகள் நிற்கிற எங்கள் லயத்து வழக்கம். பக்கத்துக் காம்பிராவில் யாராவது ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அதன்பிறகு அவர்கள் பிள்ளையைத்தான் நாம் வளர்க்கிறோம் என்று கணக்கு. குப்பை, பிச்சை என்று ஏதாவது ஒரு பெயரையும் வைத்துவிட்டால், எமன் எட்டிப் பார்த்து, இது வேண்டாத பிள்ளை என்று போய்விடுவானாம். பக்கத்துக் காம்பிரா அக்காதான் என் மகனை வாங்கினார். பாக்கெட் அரிசி வாங்கித் தின்கிறவர்கள் தவிட்டுக்கு எங்கே போவது? கோழித் தீனி விற்கிற கடையில் வாங்கி வந்தார். கோழித் தவிடு எமனிடம் செல்லுமா என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற பெயரை வைப்பதா? பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைஃப் பெயரைக் கேட்டுவிட்டு, "லஸ்ஸன நமக்" என்று சிங்களத்தில் மெச்சினார். நல்ல பெண்தான். ஆனாலும் அழகான பெயர் என்று யார் சொன்னாலும் நான் பிள்ளையை முந்தானையால் மூடிவிடுவேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அவர் படி இறங்கியதும் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கொஞ்சமும் நெடி வரவில்லை. கண் பட்டிருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க புடிச்சீங்க இந்தப் பேர?"

"எங்கயோ கேட்டது."

"டீவியிலயா?"

"இல்ல."

"கடைக்கு வர்ற யாரோட மகன் பேராவதா?"

அவர் தொட்டிலை ஆட்டத் தொடங்கினார்.

நான் விடுவேனா? அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நாக்கு மடங்கியது. அக்காவுக்கும் அதே கதிதான். இவருக்கு மட்டும் ஒரு இடத்திலும் தட்டவில்லை. நேற்றுக் கேட்ட பெயர் அப்படி வராது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகினால்தான் வரும். டவுனில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை இருக்கிறது, அது இவரை அப்பா என்கிறது, அதன் அம்மா எந்நேரமும் இஸ்திரி போட்ட சேலையில் இருக்கிறாள் என்று முழுக் கதையும் மனசுக்குள் கட்டிவிட்டேன்.

முப்பது கும்பிடுகிற அன்று காலை அக்கா பின்பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் இவரை அடுப்படியில் மடக்கினேன்.

"யாருக்கு வச்ச பேருங்க அது? உண்மையச் சொல்லுங்க. இல்லாட்டி இன்னைக்கு நீங்க பேரு வைக்கப் போறதில்ல."

பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டே, "மூத்தவனுக்கு" என்றார்.

"அவனுக்குத்தான் பேரே வைக்கலியே."

"நீ மாசமா இருந்தப்பவே நெனச்சு வச்சிருந்தேன். முப்பது அன்னைக்கு சொல்லலாம்னு இருந்தேன். குழிக்குக் கொண்டு போனப்ப எல்லாரும் புள்ளைய எறக்கு, புள்ளைய எறக்குன்னாங்க. பேரில்லாம எப்படி மண்ணு போடுறது? குனிஞ்சு காதுல சொன்னேன். இப்பவும் பஸ்ஸுல வர்றப்ப சொல்லிக்கிட்டுத்தான் வருவேன்."

அன்றைக்கு நான் பச்சை உடம்போடு காம்பிராவுக்குள் கிடந்தேன். எங்களில் பெண்கள் குழிக்குப் போவதில்லை. என் மகனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. பெற்ற எனக்கு அது தெரியவில்லை. இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டாரே என்று அவர்மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"புள்ளையத் தொடச்சாச்சு. பேர சொல்ல வாங்க" என்று அக்கா கூப்பிட்டார்.

"இவனுக்கு அது வேணாங்க" என்றேன். "அது அவன் பேரு. காதுல சொன்னதத் திருப்பி வாங்கக்கூடாது. இவனுக்கு வேற யோசிங்க. அதே மாதிரி நீளமா."

"ஒனக்குத்தான் நீளப் பேருன்னா பயமாச்சே."

"பயந்தான். இருந்தாலும் வைங்க. மொதல்ல மூத்தவனக் கூப்பிடுங்க, நான் கேக்கணும்."

அவர் கூப்பிட்டார். பிறகு நான் கூப்பிட்டேன். என் மூத்த மகனைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது அன்றுதான்.