யன்னல் வெளிச்சத்தில் தெரிஞ்ச பசை

வடநோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் வருசக்கணக்காய் மீன் வெட்டின கை என்ரை; கடதாசி எம்மாத்திரம் எண்டு நினைச்சிட்டன். ஒஸ்லோவில் என்னோடை வேலை செய்யிற மிரியம், தங்கடை யூதக் கடதாசி வெட்டுக்கலையை எனக்குப் பழக்கினாள். முழுப்படத்தையும் ஒரே தாளில் வெட்ட வேணும், ஒட்டவே கூடாது. தன்ரை தம்பியின்ரை கலியாண ஒப்பந்தத் தாளில் ஒரு மானை மட்டும் வெட்டச் சொல்லி என்னட்டை விட்டிட்டு, கோப்பி போடப் போனாள்.

கத்தி வழுக்கி, மானின் கொம்பு கழண்டு விழுந்திட்டுது. விடிஞ்சால் கலியாணம். பதறிப்போய்க் கள்ளமாய் ஒட்டிவிட்டன்.

அவள் வந்து தாளை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சாள். கொம்பில் பசை கறுப்பாய்த் தெரிஞ்சது.

“மன்னிச்சுக்கொள், நான்தான் ஒட்டினனான்” எண்டன்.

அவளின்ரை முகம் சிவந்தது. மானுக்கு மேலே வெட்டியிருந்த பறவையின்ரை செட்டையைத் தொட்டுக் காட்டினாள். அங்கையும் பசை.

“இது என்ரை வேலை” எண்டாள் மெதுவாய்.

அண்டைக்கு நான் வாய் திறந்திராவிட்டால் அவளும் திறந்திருக்க மாட்டாள். ரெண்டுபேரும் அந்தத் தாளைக் காணும்போதெல்லாம் தனித்தனியாய்ப் பயந்திருப்பம்.