மாப்பிள்ளை மாட்டிக்கிட்டாரு!

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழி. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் மகளின் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. நிச்சயம் முடிந்து, தை மாதம் முகூர்த்தம். அந்த வருட மழையில் பக்கத்துக் காலி மனை குளமாகிவிட்டது. அங்கே குடியிருந்த எலிகளில் ஒன்று, மழை நின்று குளிர் ஆரம்பித்ததும், சொந்த வீடு மாதிரி எங்கள் சமையலறைக்குக் குடிவந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எலி வந்துவிட்டால் ‘எலி’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் அதற்குக் காது கேட்கும், பொறி வைக்கப்போவது தெரிந்துவிடும், கோபத்தில் துணிமணியைக் கடித்துக் குதறிவிடும் என்பது என் நம்பிக்கை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கதவு சரியாக மூடாத பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவையை வைத்துவிட்டு இருந்து பாருங்கள், உங்களுக்கும் நம்பிக்கை வரும்.

அதனால் என் கணவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார். உளுந்தைச் சீண்டாமல் முந்திரியை மட்டும் காலி செய்திருந்ததைப் பார்த்து, “தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இல்ல பொறுக்கித் தின்னிருக்காரு!” என்றார். அன்றிலிருந்து அது மாப்பிள்ளை. “அப்பா, உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?” என்று மகள் முறைத்தாள். யார் கேட்டது?

உண்மையான மாப்பிள்ளை வீடு கீழ்க்கட்டளையில். தங்கமான பிள்ளை. எனக்குப் பயமெல்லாம் அவருடைய அம்மாவிடம்தான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயதார்த்த போட்டோவில் எல்லோரும் சிரிக்க, அவர் மட்டும் பரீட்சை ஹாலில் காவல் நிற்பது போல நின்றிருந்தார். செல்லமாக வளர்ந்த என் பெண் இவரிடம் போய் எப்படிக் குப்பை கொட்டப்போகிறாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை, ‘பிடிச்சாச்சா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே குரலைப் பதிவு செய்து அனுப்பினேன்.

“மாப்பிள்ளை தொல்லை தாங்கலடி. ராத்திரி பூரா கிச்சன்ல ஒரே உருட்டல். வாழைப்பழத்தைப் பாதி கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காரு. பட்டுப்புடவையில வாய் வச்சாருன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். இன்னிக்கு மசால் வடை வாங்கி வச்சிருக்கேன். வாசனைக்கு வந்து மாட்டட்டும், கோணியில கட்டி ஏரிக்கரையில விட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன் உன் மாமாவை.”

அனுப்பிவிட்டுப் பார்த்தால், அது தங்கைக்குப் போகவில்லை. சம்பந்தி வீட்டார் கல்யாண வேலைக்காக ஆரம்பித்த குரூப்புக்குப் போயிருந்தது. பதறியடித்து அழித்தேன். மறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். மகள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அம்மா, நீ உன் போன்ல மட்டும்தான் டெலீட் பண்ணியிருக்கே. மத்தவங்க எல்லாருக்கும் அப்படியே இருக்கு.”

அதற்குள் சம்பந்தியம்மாவின் பதில் வந்துவிட்டது. ‘சாயந்திரம் வீட்டுக்கு வருகிறோம்.’ அவ்வளவுதான். ஒரு ஸ்மைலி கிடையாது. மகள் மாப்பிள்ளைக்கு போன் மேல் போன் போட்டாள். அவர் எடுக்கவே இல்லை. நான் சொன்னது எலியை என்று குரூப்பில் விளக்கம் எழுதலாம்தான். ஆனால் எலிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பதை எந்த முகத்தோடு எழுதுவது? எலியால் நின்ற கல்யாணம் என்று ஊரே பேசுமே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் அருகில் வந்து, “வெங்காயம்தானே?” என்று கேட்டார்.

சாயந்திரம் அம்மாவும் பிள்ளையும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மாவின் முகம் இறுகிக் கிடந்தது. டபரா டம்ளரில் காபி கொண்டுவந்தேன். இருவருக்கும் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சமையலறையில் ‘டப்’பென்று பொறி மூடும் சத்தம். உள்ளே இருந்த என் கணவர் பழக்கதோஷத்தில் கத்தினார்.

“அடியே, மாப்பிள்ளை மாட்டிக்கிட்டாரு!”

சோபாவில் இருந்த மாப்பிள்ளை டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார்.

பொறியைத் தூக்கிக்கொண்டு வெற்றிவீரராக ஹாலுக்கு வந்த என் கணவர், சோபாவைப் பார்த்ததும்தான் தான் கத்தியது உறைத்து அப்படியே சிலையானார். பொறிக்குள் கொழுகொழுவென்று எலி. எல்லாம் எங்கள் முந்திரி. சம்பந்தியம்மா பொறியைப் பார்த்தார். தன் பிள்ளையைப் பார்த்தார். மறுபடி பொறியைப் பார்த்தார்.

“பரவால்லையே, உங்க வீட்டு மாப்பிள்ளை மசால் வடைக்கே வந்துடறாரு. எங்க வீட்டு சம்பந்தி இருக்காளே, கருவாடு வச்சாலும் வர மாட்டேங்கறா. என் பட்டு ஜாக்கெட்டை வேற கடிச்சு வச்சிருக்கா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைதான் தலையைக் குனிந்துகொண்டு, “எங்க வீட்லயும் அதோட பேரைச் சொல்ல மாட்டோம் அத்தை,” என்றார்.

அட, சம்பந்தி என்றால் நான்!

எனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கேட்டதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான்தான் இவனை போனை எடுக்காதேன்னு சொன்னேன். அந்த வடை எந்தக் கடையில வாங்கறீங்க? அதைக் கேட்கத்தான் வந்தேன்,” என்றார். என் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். என் கணவர் வண்டி ஓட்ட, இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே ஸ்கூட்டரில் ஏரிக்கரைக்குப் போனார்கள். மிச்சமிருந்த வடையை நாங்கள் தின்று தீர்த்தோம்.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. புடவையில் ஒரு பல்கூடப் படவில்லை. இப்போதும் மார்கழி பிறந்தால் கீழ்க்கட்டளையிலிருந்து மகள் போன் செய்வாள். “அம்மா, சம்பந்தி வந்துட்டா!” என்பாள். பின்னாலிருந்து அவள் மாமியாரின் சிரிப்பு கேட்கும். எலிக்கு என் பெயரை வைத்திருக்கும் அந்த வீட்டில்தான் என் பெண்ணும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்று சாயந்திரம் அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து, அவளை நினைத்து ஒரு நாள்கூட நான் தூக்கம் கெட்டதில்லை.